அரை நிமிடக் கமராக்காரர்

2000களின் நடுப்பகுதி. ஒஸ்லோ நகரின் நடுவில், இரண்டு கடைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு நின்ற ஒரு சின்னத் தியேட்டரில் நான் ஒப்பரேட்டராக இருந்தேன். படம் ஓட்டுகிற வேலை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இந்த வேலையில் இருக்கிறாள் என்று சொன்னால் எங்கள் ஆட்களே நம்பமாட்டார்கள். "டிக்கெட் கிழிக்கிறனீங்களோ?" என்றுதான் கேட்பார்கள். நான் அந்தக் கட்டிடத்துக்குள் துப்புரவு வேலைக்கென்று நுழைந்தவள். அங்கிருந்த ஒப்பரேட்டர், தனக்குப் பிள்ளை பிறந்து நீண்ட லீவில் போனபோது, "நான் பழகிச் செய்யட்டோ?" என்று கையைத் தூக்கினேன். அவன் லீவு முடிந்து திரும்பி வந்தான். நான் கூட்டுகிற தும்புத்தடிக்குத் திரும்பிப் போகவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் தியேட்டரில் ஒரு திரைப்பட விழா. ஒரு வியட்நாம் இயக்குநரின் ஐந்து படங்கள் காட்டப்போகிறோம், அவரும் நேரில் வருகிறார் என்று முகாமையாளர் சொன்னாள். போர்க்காலத்தில் முன்னணியில் நின்று படம் எடுத்தவர், போர் முடிந்தபின் விவரணப் படங்களும் இரண்டொரு கதைப்படங்களும் செய்தவர் என்று விழாப் புத்தகத்தில் அரைப்பக்கம் போட்டிருந்தார்கள். நான் அதைக்கூடச் சரியாக வாசிக்கவில்லை. பெட்டி வந்ததா, ரீல் சுகமாக இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

பெட்டிகள் விழாவுக்கு மூன்று நாள் முன்னதாக வந்தன. முதல் மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் அடித்தது. பழைய பிலிம் கெடத் தொடங்கினால் அப்படித்தான் மணக்கும். ரீலை மேசையில் மாட்டி, பிலிமின் விளிம்பை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுற்றினேன். கிழிசல் எங்கே, ஒட்டு எங்கே என்று கண்ணுக்கு முந்தி விரல்தான் சொல்லும். அந்த ரீலில் பத்து முழத்துக்கு ஒரு ஒட்டு இருந்தது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மெஷின்களில் ஓடிக் களைத்த பிலிம்.

சரி, ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று வெறும் தியேட்டரில் ஓட்டினேன். பதினொரு நிமிடப் படம். சத்தம் இல்லை. ஒரு ஆறு. ஒரு இளம்பெண் நின்றபடியே துடுப்பு வலித்து, மூட்டைகளையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகிறாள். திரும்பி வருகிறாள். மறுபடியும் போகிறாள். திடீரென்று, பக்கத்தில் குண்டு விழுந்திருக்க வேண்டும், படச்சட்டம் துள்ளியது. வானம், தண்ணீர், மண், பிறகு ஒன்றுமில்லை. லென்ஸில் சேறு. ஒரு விரல் வந்து அந்தச் சேற்றைத் துடைக்கிறது. துடைத்த இடத்தின் ஊடாக அதே பெண், தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்!

மெஷின் இருக்கிற கபினுக்குள் நான் எழும்பி நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ச் சண்டையின் வீடியோக்களை ஒஸ்லோ மண்டபங்களில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அவற்றை எடுத்தவர் யார், அந்த நேரம் அவர் எங்கே நின்றார், அவருடைய கை நடுங்கியதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த மனிதனின் விரலைப் பார்த்துவிட்டேன். இனி அவரைப் பார்க்காமல் இருக்க ஏலாது.

அன்றைக்கே பின்னேரம் இடி விழுந்தது. ஐந்து படங்களில் முக்கியமானது ஒரு மணி நேர விவரணப் படம். அதை வைத்துத்தான் சனிக்கிழமை பெரிய காட்சி, டிக்கெட்டும் முடிந்துவிட்டது. அந்தப் பிரதியில் அடியெழுத்து இல்லை. படம் முழுக்க ஒரே பேச்சு, எல்லாம் வியட்நாமிய மொழியில். மொழிபெயர்த்த தாள் பெட்டிக்குள் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தது, ஆனால் அது வேறு ஒரு படத்தின் தாள். வரச் சொல்லியிருந்த மொழிபெயர்ப்பாளரோ காய்ச்சலில் விழுந்துவிட்டார்.

முகாமையாளர் நெற்றியைப் பிடித்தாள். "படத்தை மாத்துவம்."

"பொறு, பொறு," என்றேன். "என்ரை மாடியிலை ஒருத்தி இருக்கிறாள்."

நாங்கள் அப்போது ஒஸ்லோவின் விளிம்பில், அம்மருட்டில், ஒரு உயர்ந்த தொடர்மாடியில் இருந்தோம். எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு ஒரு வியட்நாம் பெண்ணுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஆறு வருடமாக நாங்கள் இருவரும் நொர்ஸ்க்கில்தான், நோர்வேக்காரரின் மொழியில்தான், கதைப்போம், இரண்டு பேரும் பிழைவிட்டுக் கதைப்பதால் கூச்சம் இல்லை. நான் ரோல்ஸ் பொரித்தால் அவளுக்குக் கொடுப்பேன். அவளும் ரோல்ஸ்தான் திருப்பித் தருவாள். அவளுடையது மெல்லிசு, என்னுடையது மொத்தம். யாருடையது திறம் என்பதில் ஆறு வருடமாகத் தீர்ப்பு இல்லை.

கதவைத் தட்டி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, தோணி, சேறு, விரல், சிரிப்பு. அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "அந்த ஆள் வடக்கோ தெற்கோ?" என்று கேட்டாள்.

"வடக்கு எண்டு நினைக்கிறன்."

"அப்ப வேறை ஆளைப் பார்," என்றாள். "என்ரை அப்பா தெற்கு ஆமியிலை இருந்தவர். சண்டை முடிஞ்சாப் பிறகு அவையள் பிடிச்சுக்கொண்டு போனவை. அஞ்சு வருஷம் முகாமிலை. திரும்பி வந்தது அப்பா இல்லை, ஒரு எலும்புக்கூடு. நான் வள்ளத்திலை ஏறினது அதுக்குப் பிறகுதான். ஒரு நோர்வே சரக்குக் கப்பல் காணாட்டில் நான் இண்டைக்கு இந்தக் கதவடியிலை நிக்கமாட்டன். அந்த ஆளின்ரை வாயாய் நான் இருக்கமாட்டன்."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடி, "நீர் ஏன் அவவிட்டைப் போய்க் கேட்டனீர்? உம்மட்டை வந்து ஆரும் இப்பிடிக் கேட்டால் நீர் போவீரோ?" என்றார். யாருடைய படம் என்று பார்த்துத்தான் நானும் முடிவு செய்திருப்பேன்.

மறுநாள் காலை இயக்குநர் வந்துசேர்ந்தார். முகாமையாளர் பூக்கொத்தோடு முன்வாசலில் நிற்க, அவர் எப்படியோ பக்கக் கதவால் நுழைந்து நேரே என் கபினுக்கு ஏறி வந்துவிட்டார். சின்ன உருவம். எங்கும் பொக்கெற் வைத்த ஒரு மேற்சட்டை, பளிச்சென்ற வெள்ளை ஓட்டச் சப்பாத்து. என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார். அதைச் சுற்றி வந்து, கையால் தடவி, குனிந்து முகர்ந்தும் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்து, தன் நெஞ்சில் தட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "நானும் ஒப்பரேட்டர்."

அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவில் முறிந்தவை. அதனால் நன்றாகப் பொருந்தின. அந்தக் காலை, ரீல்களைச் சுற்றிக்கொண்டே, அவருடைய வாழ்க்கை முழுவதையும் கேட்டேன். சொல்லுக்குப் பஞ்சம் வந்தபோதெல்லாம் அவர் எழும்பி நின்று நடித்துக் காட்டினார்.

இளமையில் அவருக்குக் காட்டுக்குள் படம் காட்டுகிற வேலை. மெஷினை மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். மின்சாரத்துக்கு ஒரு சைக்கிள். இரண்டு பேர் மாறிமாறி மிதித்தால்தான் விளக்கு எரியும். மிதிக்கிறவன் படத்தில் மயங்கிக் காலை நிறுத்திவிட்டால் திரை மங்கிவிடும், உடனே குகைக்குள் படம் பார்க்கக் கூடியிருந்த சனம் முழுவதும் அவனைத் திட்டும். திரை என்பது ஒரு பரசூட் துணி. அவர் அதை ஒரு கையால் விரித்து, மறுகையால் சைக்கிள் மிதிப்பதுபோலச் சுழற்றிக் காட்ட, நான் சிரித்த சிரிப்பில் கீழே நின்ற முகாமையாளர் ஏறி வந்துவிட்டாள்.

ஒருநாள் அவர்களுடன் இருந்த கமராக்காரனுக்கு மலேரியா. அவனைத் தூக்கிக்கொண்டு போகிறபோது பொறுப்பாளர் கமராவை எடுத்து இவருடைய கையில் வைத்தாராம். "உனக்கு லென்ஸ் துடைக்கத் தெரியும்தானே, மிச்சத்தைப் பழகு." அவ்வளவுதான் அவருடைய படிப்பு. அந்தக் கமராவுக்குச் சாவி முறுக்க வேண்டும். ஒரு முறுக்குக்கு அரை நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும். பிலிமோ அதைவிட அருமை. ஈரம் பிடிக்காமல் இருக்க வறுத்த அரிசிக்குள் புதைத்து வைப்பார்கள். "பசிக்கும்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "ஆனால் அந்த அரிசியைத் தின்ன முடியாது. அது பிலிமின் சோறு." எடுத்த ரீல்கள் கால்நடையாகப் பல மாதம் பயணம் செய்து தலைநகருக்குப் போகும். தான் எடுத்த முதல் படத்தை அவரே பார்த்தது இரண்டு வருடம் கழித்துத்தான்.

"அந்த ஆத்தங்கரைப் பெட்டை?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்ணின் அரை நிமிடம் பல நாடுகளுக்குப் போனதாம். பரிசுகள், சுவரொட்டிகள், பள்ளிப் புத்தகம். அவள் பெயரை மட்டும் அவர் கேட்கவே இல்லை. போர் முடிந்து ஏழு வருடம் கழித்து, கமராவோடு அவளைத் தேடிப் புறப்பட்டார். வீரப்பெண்ணைக் கண்டுபிடித்துப் படம் எடுக்கலாம் என்றுதான் அரசாங்க ஸ்ரூடியோவில் பிலிம் கொடுத்தார்கள். கண்டுபிடித்தார். தெற்கே, பெரிய நதி கடலில் விழுகிற பக்கத்தில், அவள் வள்ளத்தில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தாள். கட்டியிருந்தது ஒற்றைக்கால் மனிதன் ஒருவனை. தெற்கு ஆமியில் இருந்தவன்.

"திரும்பிப் போயிருக்கலாம்," என்றார். "நான் சாவியை முறுக்கினேன்."

அந்தப் படம்தான் சனிக்கிழமைப் படம். இதில் வெற்றி எங்கே என்று கேட்டு, நாலு வருடம் அலுமாரிக்குள் பூட்டி வைத்தார்களாம். அந்த நாலு வருடமும் அவருக்குக் கமரா இல்லை, ஸ்ரூடியோவின் களஞ்சிய அறையில் பிலிம் எண்ணுகிற வேலை. பிறகு மேலே ஆட்கள் மாறினார்கள், படம் வெளியே வந்தது. அதன் பிறகுதான் அவர் ஒரு இயக்குநர் என்று உலகம் அறிந்தது.

மொழிபெயர்ப்புப் பிரச்சினையை அவரிடம் மறைக்க ஏலவில்லை. எதிர்க்கதவுப் பெண்ணைப் பற்றியும், அவளுடைய அப்பாவைப் பற்றியும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "என்னை அவளிடம் கூட்டிப் போகாதே. படத்தை அவளுக்குக் காட்டு. நான் இல்லாமல். பிடிக்காவிட்டால் விட்டுவிடு."

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தாள். நான் என்ன சொல்லி இழுத்தேன் என்று இப்போது கேட்டால், உண்மையில், அந்த ஒற்றைக்கால் மனிதனைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். "அவர் நிக்கக் கூடாது, நான் மட்டும்தான்," என்று நிபந்தனை போட்டாள். இயக்குநரை முகாமையாளரோடு துறைமுகம் பார்க்க அனுப்பிவிட்டு, அந்த வெறும் தியேட்டரின் நடுவரிசையில் அவளை இருத்தி, ஓடிப்போய் மெஷினைப் போட்டேன்.

கபினின் சின்னக் கண்ணாடி வழியாகத் திரையைவிட அவளுடைய பின்தலையைத்தான் பார்த்தேன். முதல் ரீலில் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். இரண்டாவது ரீலில் இயக்குநர் தெற்கே போகிறார். வள்ளங்கள் நெருக்கும் சந்தை வருகிறது. அந்தத் தோணிக்காரி, இப்போது முப்பது வயது கடந்தவள், கமராவைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சத்தம் போடுகிறாள். உடனே நடுவரிசையிலிருந்து ஒரு சிரிப்பு! நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன். என் அயலவள் திரைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் அவள் பேச, இங்கே இவள் பேச, இரண்டு பெண்கள் சந்தையில் சண்டை பிடிப்பதுபோல இருந்தது.

பிறகு அந்த ஒற்றைக்கால் கணவன் வந்தான். நீண்ட நேரம் பேசினான். அவள் சிரிப்பதை நிறுத்தினாள். கட்டியிருந்த கைகள் எப்போது அவிழ்ந்தன என்று தெரியவில்லை, முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் ஓடி இறங்கினேன். அவளுடைய கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் ஒரு சூடு.

"அவள் கதைக்கிறது எங்கடை ஊர்ப் பாஷை! அப்பிடியே எங்கடை அம்மா ஏசுற மாதிரி. வடக்கிலை பிறந்தவள், எங்கடை ஆக்களோடை இருந்து இருந்து இப்ப எங்களை மாதிரியே கதைக்கிறாள். 'என்ரை படத்தை எடுத்துக்கொண்டு போனனியே, சண்டை முடிஞ்சும் ஏழு வருஷமா எங்கை கிடந்தனி?' எண்டு அவரைக் கிழிகிழியெண்டு கிழிக்கிறாள். அந்த மனுசன் அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்!"

"அவள்ரை புருஷன் என்ன சொல்லுறான்?"

"முகாமிலை இருந்ததைச் சொல்லுறான்." திரையை நோக்கித் திரும்பினாள். வெறும் வெள்ளைத் திரை. "அப்பா எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் செத்தவர்." பிறகு கைப்பையைத் தோளில் கொழுவினாள். "நான் செய்யிறன். ஆனால் அவருக்குக் கை குடுக்கமாட்டன். கீழை இருக்கவும் மாட்டன். உன்ரை கபினுக்குள்ளை இருந்துதான் கதைப்பன்."

நான் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். அவள், "விடு, விடு, வேலைக்குப் பிந்தீட்டுது," என்று கத்தினாள்.

அவள் வேலை முடிந்து வந்ததும், அன்றிரவு முழுவதும், ஒலிநாடாவில் பிடித்துவைத்த படத்தின் பேச்சைப் போட்டுப் போட்டு எழுதினோம். சனிக்கிழமை மத்தியானம் அவள் தன் நல்ல நீலச் சட்டையில் வந்து கபினில் மைக்குக்கு முன்னால் இருந்தாள். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். ஒரு கதிரை மிச்சமில்லை. நோர்வேக்காரர், ஒஸ்லோ வியட்நாம் குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள் வடக்கார் இடப்பக்கம், தெற்கார் வலப்பக்கம் என்று தாங்களாகவே பிரிந்து இருந்தார்கள். பின்வரிசையில் என் கணவர், வெஸ்ட்லி, ட்வெய்ட்டா என்று ஒஸ்லோவின் பக்கங்களிலிருந்து தன் பஸ்காரச் சிநேகிதர்கள் ஆறுபேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இயக்குநர் முன்வரிசையில், வெள்ளைச் சப்பாத்தோடு.

படம் தொடங்கியது. அவளுடைய நொர்ஸ்க் முதல் இரண்டு நிமிடம் தடுக்கியது, பிறகு பறந்தது. தோணிக்காரி கத்தினால் இவளும் கத்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் இவளும் தாழ்த்தினாள். "ஏழு வருஷமா எங்கை கிடந்தனி?" என்று நொர்ஸ்க்கில் அவள் ஏசியபோது தியேட்டர் முழுவதும் வெடித்துச் சிரித்தது, இடப்பக்கமும் வலப்பக்கமும்.

அந்தச் சிரிப்பின் நடுவில் டக்கென்று ஒரு சத்தம். திரை வெள்ளையானது. பிலிம் அறுந்துவிட்டது.

நான் மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டேன். பழைய ஒட்டொன்று விட்டிருந்தது. இரண்டு முனையையும் நேராக வெட்டி, ஒட்டுநாடா வைத்து அழுத்தி, திரும்ப மாட்ட எனக்கு மூன்று நாலு நிமிடம் வேண்டும். கை நடுங்கினால் ஐந்து. கீழே முணுமுணுப்பு எழும்பியது. "ஏதாவது சொல்லு," என்று அவளுக்குச் சைகை காட்டினேன்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "படம் அறுந்துபோச்சு. ஒட்டுகினம். கொஞ்சம் பொறுங்கோ," என்று நொர்ஸ்க்கில் சொன்னாள். பிறகு மைக்கை விடவில்லை. வியட்நாமிய மொழியில் ஏதோ கேட்டாள். கீழே தலைகள் கபினை நோக்கித் திரும்பின. கேட்டதையே நொர்ஸ்க்கில் திருப்பிச் சொன்னாள்: "இயக்குநர் ஐயாவிட்டை ஒரு கேள்வி. அந்த ஆத்தங்கரையிலை நிண்டு படம் எடுக்கேக்கை, அக்கரையிலை நிக்கிறது ஆர் எண்டு நீங்கள் ஒருக்காலும் யோசிச்சனீங்களோ? என்ரை அப்பா அக்கரையிலை நிண்டவர்."

என் கையில் ஒட்டுநாடா. ஒட்ட மறந்துபோனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவர் எழும்பி, மேடைக்கு ஏறாமல், இருந்த இடத்திலேயே திரும்பி கபினை நோக்கி நின்றார். மைக் இல்லாமலே பேசினார். சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல்.

அவர் முடித்ததும் அவள் மைக்கைக் கிட்ட இழுத்தாள். பிறகு ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள்:

"அவர் சொல்லுறார்: இல்லை. நான் யோசிக்கேல்லை. எனக்கு இருபத்தாறு வயசு. கையிலை அரை நிமிஷம் ஓடுற கமரா. வெளிச்சம் காணுமோ, நான் சாகாமல் இருப்பனோ, இந்த ரெண்டையும்தான் யோசிச்சனான். அக்கரையிலை நிண்டவைக்கும் முகம் இருக்குது எண்டு சண்டை முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. அது பிந்தித்தான் போச்சு. உங்கடை அப்பாவுக்கு அது மிகவும் பிந்திப் போச்சு. அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை."

யாரும் கைதட்டவில்லை. வலப்பக்கத்தில் ஒரு கிழவர் எழும்பி நின்றார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை, தன் மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்ப இருந்தார்.

"ஒட்டு," என்றாள் அவள் என்னைப் பார்த்து. "அவள்ரை புருஷன் இன்னும் கதைக்கேல்லை."

ஒட்டினேன்! என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஒட்டியதில்லை. மெஷின் உறுமியது, திரையில் தோணிக்காரி விட்ட இடத்திலிருந்து ஏசத் தொடங்கினாள். கடைசிப் பெயரெழுத்து ஓடும்வரை அந்த ஒட்டு தாங்கியது. விளக்குப் போட்டபோது எழும்பிய கைதட்டலில் கபின் கண்ணாடி அதிர்ந்தது. முன்வரிசையில் அவர் திரும்பி எங்களை நோக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தார். என் கணவரின் சிநேகிதர் ஒருவர் வாசலில் என்னைப் பிடித்து, "தங்கச்சி, எங்கடை சண்டையைப் பற்றியும் ஆரும் இப்பிடி எடுப்பினமோ?" என்று கேட்டார். "தெரியேல்லை அண்ணை," என்றேன்.

அவள் சொன்னபடியே அவருக்குக் கை கொடுக்கவில்லை. படிக்கட்டடியில் இருவரும் இரண்டடி தள்ளி நின்று பேசினார்கள். நான் பக்கத்தில் ஒன்றும் விளங்காமல், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். திரும்பிப் போகும்போது ட்ரெயினில் சொன்னாள்: "எங்கடை பாஷையிலை வெறுமனே 'நீங்கள்' எண்டு சொல்லேலாது. உறவு வைச்சுத்தான் கூப்பிட வேணும். மைக்கிலை நான் 'ஐயா' எண்டனான், அது தூரத்து மரியாதை. கீழை நிண்டு கதைக்கேக்கை வாயிலை 'பெரியப்பா' எண்டு வந்திட்டுது." தானே நம்பமுடியாததுபோல் தலையை ஆட்டினாள். "நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லியிட்டன். நீ ரோல்ஸ் பொரி. அவர் தீர்ப்புச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மருட்டுக்கு வந்தார். பொக்கெற் ஒன்றிலிருந்து கைக்கடக்கமான ஒரு வீடியோ கமரா வெளியே வந்தது. புதிது. விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைபோல அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ஒரு கசெற்றில் ஒரு மணித்தியாலம்! நிறுத்தாமல்! அதனால் இப்போது நான் குப்பையெல்லாம் எடுக்கிறேன்." பிறகு, அவளைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

"முதலிலை என்ரை பேரைக் கேளுங்கோ," என்றாள். அதை எனக்கும் நொர்ஸ்க்கில் சொன்னாள்.

அவர் கமராவைத் தாழ்த்தினார். கேட்டார். பொக்கெற்றிலிருந்து கொப்பி எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அவளுடைய அப்பாவின் பெயரையும் எழுதினார். அதன் பிறகுதான் கமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அன்று முழுவதும் நான் அவருடைய ஒலிப்பதிவாளர். ஒரு தும்புத்தடியின் நுனியில் மைக்கைக் கட்டித் தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் மாடியிலும், லிப்டிலும், பஸ் தரிப்பிலும், மஞ்சள் இலை விழுந்த புல்வெளியிலும் ஓடினேன். அவள் நடந்துகொண்டே கதைத்தாள். வள்ளத்தைப் பற்றி, கப்பலைப் பற்றி, அப்பாவைப் பற்றி. அறுபது கடந்தவர் பின்பக்கமாக நடந்து, குனிந்து, படியில் ஏறிப் படம் எடுத்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. கை உளைந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ரோல்ஸ் விஷயத்தில், அவர் இரண்டிலும் நாலு நாலு சாப்பிட்டுவிட்டு, "ஒப்பரேட்டரை எதிர்த்து நான் பேசமாட்டேன்," என்று எனக்கே வெற்றி தந்தார். அவள் ஒரு கிழமை என்னோடு முறைத்துக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வருடம் ஒரு தடித்த கடித உறை அவளுடைய பெயருக்கு வந்தது. உள்ளே ஒரு டிஸ்க். அவள் கதவைத் தட்டிக் கூப்பிட, நானும் கணவரும் அப்படியே ஓடினோம். பதினாலு நிமிடப் படம். அம்மருட் அவ்வளவு அழகான இடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் நடக்கிறாள், கதைக்கிறாள். நடுவில், பஸ் தரிப்புக் காட்சியில், படத்தில் இல்லாத ஒரு பெண்குரல் உச்சத்தில் கத்துகிறது: "ஐயோ, தள்ளி நில்லுங்கோ, பஸ் வருது!"

என் குரல், தமிழில்! அவர் அதை வெட்டவில்லை. கீழே வியட்நாமிய எழுத்தில் ஒரு வரியும் ஓடியது.

"என்ன எழுதியிருக்கிறார்? என்ன?" என்று அவளைப் பிடித்து உலுப்பினேன்.

அவள் படத்தைப் பின்னுக்கு ஓட்டி இன்னொருமுறை வாசித்தாள். சிரிப்பில் கதிரையிலிருந்து சரிந்துவிட்டாள். "நீ சொன்னதாம்: 'இந்தக் குளிருக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சால் நல்லாயிருக்கும்.'"

"பொய்!" என்றேன். "விவரணப் படத்திலை முழுப் பொய்!"

"ஏன் உம்மட்டைக் கேக்காமல் போட்டவர்?" என்றார் கணவர்.

அன்றைக்கே உட்கார்ந்து, அவள் வியட்நாமிய மொழியில் எழுத, நான் பக்கத்திலிருந்து சொல்ல, அவருக்கு ஒரு நீண்ட கடிதம் போட்டோம். இரண்டு மாதம் கழித்துத் திருத்திய டிஸ்க் வந்தது. அதன் அடியெழுத்தில் பஸ் சரியாக வருகிறது.